கட்டெறும்புக் குடும்பத்தின் புதுமனை புகுவிழா

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இப்படி ஆரம்பித்தால் சடையாண்டிக்குப் பிடிக்காது. "கரடின்னா கல்லா மண்ணா, இருந்ததுன்னு சொல்றதுக்கு? மரியாதையா இருந்தார்னு சொல்லு" என்பார். நியாயம்தான். ஆகவே, ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தார். பெயர் சடையாண்டி. உடம்பு முழுக்க வாராத முடி, நெஞ்சில் வெள்ளையாய் ஒரு வளைவு, முகத்தில் எப்போதும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவரின் யோசனை.

சடையாண்டிக்கு எறும்பு என்றால் உயிர். உடனே நெகிழ்ந்துவிடாதீர்கள், சாப்பாட்டைச் சொல்கிறேன். புற்றைக் கண்டால் நகத்தால் ஒரு கீறு, மண் பறக்க ஒரு ஊது, உதட்டைக் குவித்து ஒரு உறிஞ்சு. முடிந்தது. எதிர்மலையில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே, "சடையாண்டி டிபன் சாப்பிடறார், மணி எட்டு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

வயதாக ஆக வயிறு முரண்டு பிடித்தது. மரங்கொத்தி வைத்தியர் வந்து வயிற்றில் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "உள்ளே ஒரே புளிப்பு. இனிமே ஒரு எறும்பைத் தொட்டாலும் என்னைக் கூப்பிடாதீங்க, நேரா பிணந்தின்னிக் கழுகைக் கூப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார். சடையாண்டி பயந்துபோய் இலந்தைப் பழத்துக்கும் கிழங்குக்கும் மாறினார். எறும்பை விட்டுவிட்டேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

காடு நம்பவில்லை. முக்கியமாக மைனா சொர்ணம் நம்பவில்லை. ரேஞ்சர் பங்களா வராந்தாவில் யாரோ மறந்துவிட்டுப் போன செல்போன் ஒன்று சொர்ணத்திடம் இருந்தது. அதை ஒரு கிளையின் கவட்டையில் சாத்தி வைத்து, அலகால் தட்டித் தட்டி, காட்டு நடப்பையெல்லாம் படம் பிடித்துப் பரப்புவதுதான் அவள் பிழைப்பு. "சடையாண்டி எறும்பை விட்டுட்டாராம். நானும் பேசறதை விட்டுட்டேன், நம்புங்க" என்றாள். மரத்துக்கு மரம் சிரிப்பு.

சடையாண்டிக்கு வலித்தது. என்ன செய்ய, வாய் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அந்த வருஷத்து முதல் கோடைமழை விட்டதும், வானம் முழுக்க ஈசலும் சிறகு முளைத்த எறும்புமாகப் பறந்தன. குகை வாசலில் தேங்கிய தண்ணீரில் ஒரு கட்டெறும்பு ராணி விழுந்து தத்தளித்தாள். கறுகறுவென்று, கொழுகொழுவென்று, பார்க்கப் பார்க்க வாயூறும்படி இருந்தாள். பழைய பழக்கத்தில் சடையாண்டியின் உதடு தானாகவே குவிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. கழுகு ஞாபகம் வந்தது. உறிஞ்ச வேண்டியவர் ஊதிவிட்டார்.

அந்த ஊதலில் ராணி கரைக்கு வந்து விழுந்தாள். ஈரம் காய்ந்ததும் சிறகைக் கழற்றிக் கீழே போட்டாள். நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப நன்றிண்ணே. நல்ல மனசு உங்களுக்கு" என்றாள்.

சடையாண்டி பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. அவரைத்தான் சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை, ஐயோ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கரடிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "ஆத்தா, உனக்கு இங்க யாரும் இல்லேன்னு நினைக்காதே" என்று என்னென்னவோ சொன்னார்.

அவள் பெயர் காத்தாயி. அன்று முதல் சடையாண்டியின் வளர்ப்பு.

எறும்பு வளர்ப்பது எப்படி என்று சொர்ணத்தின் போனில் வீடியோக்கள் இருந்தன. கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தார். அவை சொன்னபடியே பங்களாவின் குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயைத் தேடி எடுத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதை ஒரு பஞ்சால் அடைத்து, நடுவில் காத்தாயியை விட்டு, வாயில் இன்னொரு பஞ்சு. தண்ணீர்ப் பஞ்சு கசிந்துகொண்டே இருக்கும், ராணிக்குத் தாகம் தெரியாது. முட்டையிடுகிற ராணியை இருட்டில் விட்டுவிட வேண்டும், தொந்தரவே செய்யக் கூடாது என்றும் வீடியோவில் சொன்னார்கள். சடையாண்டி குழாய்மேல் தேக்கிலையைப் போர்த்தினார். பிறகு இலையில் ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பிள்ளை பெறுற இடத்துல இப்படிப் பார்த்தா எப்படிண்ணே?" என்றாள் காத்தாயி.

"பார்க்கலை ஆத்தா. இலை சரியா இருக்கான்னு பார்த்தேன்."

ஒருவழியாகப் பிள்ளைகள் பொரிந்தார்கள். முதலில் சோனியாய் நாலைந்து பேர். பிறகு ஒரு கூட்டம். சடையாண்டி தேனைத் துளித்துளியாகக் கொடுத்தார். எல்லாருக்கும் அவர் பெரியமாமா. அந்த மாமா என்கிற சொல்லைக் கேட்பதற்காகவே காலையில் எழுந்தார். ஆனால் கூட்டம் பெருகப் பெருகக் குழாய் நெருக்கடியாகிவிட்டது. பஞ்சில் பூஞ்சை பிடித்தது. அதைவிட மோசம், அடியில் இருந்த தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் விட முடியாது, குடும்பமே சிதறிவிடும். வேறு வீடு கட்டிக் குடியேற்ற வேண்டும். இல்லையென்றால் தாகத்தில் சாக வேண்டியதுதான்.

சடையாண்டி வீடு கட்ட இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன், குதித்தார்.

முதலில் மணல் வீடு. காய்ந்ததும் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. அடுத்தது மூங்கில் வீடு. வாய்ப் பஞ்சை மெல்ல விலக்கியதும் பார்க்க வந்த மூத்த பெண்கள் சுவரைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி மாமா" என்றார்கள். களிமண் வீடு விரிசல் விட்டது. கடைசியில் பங்களாவில் பூச்சுவேலைக்கு வாங்கி மிச்சம் கிடந்த பிளாஸ்டர் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீரில் கரைத்து, வாய் உடைந்த தகர டப்பாவில் ஊற்றி இறுகவிட்டு, கவிழ்த்துத் தட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி விழுந்தது. அதில் தன் நகத்தாலேயே குடைய ஆரம்பித்தார்.

அட, அந்த வேலைப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புற்றை உடைத்து உடைத்துப் பழகிய நகத்துக்கு, புற்றின் உள்ளமைப்பு அவ்வளவும் அத்துப்படி. ராணிக்குப் பெரிய அறை, முட்டைக்குத் தனி அறை, தானியம் வைக்க ஒன்று, குப்பை போட ஒன்று. வளைந்து வளைந்து போகிற நடைபாதை. ஒரு ஓரத்தில் தண்ணீர்ப் பள்ளம், அதிலிருந்து சுவர் முழுக்க ஈரம் ஊறும். மேலே கண்ணாடி. கண்ணாடிமேல் இனிப்புப் பொட்டலத்திலிருந்து பிரித்த சிவப்புக் கண்ணாடித் தாள். எறும்புக்குச் சிவப்பு தெரியாது, உள்ளே இருட்டு என்றே நினைத்துக்கொள்ளும், வெளியே இருந்து நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். சடையாண்டி பூஜை அறை வைத்தார். விருந்தாளி வந்தால் தங்க ஒரு அறை வைத்தார். மொட்டைமாடிக்குப் படிக்கட்டும் வைத்தார்.

"படிக்கட்டு எதுக்குண்ணே? நாங்க சுவர்லயே ஏறுவோமே" என்றாள் காத்தாயி.

"நீ ஏறுவே ஆத்தா. பார்க்கிறவன் என்ன சொல்லுவான்?"

குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ளே துளையுள்ள ஒரு பப்பாளித் தண்டைப் பாலமாக வைத்துப் பொருத்தினார். மூத்த பெண் ஒருத்தி அதன் வழியே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அம்மா, பிரமாதம். ஈரமா இருக்கு, அடக்கமா இருக்கு. மூட்டையைக் கட்டலாம்."

காத்தாயி முட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டுவிட்டாள். "அண்ணே, இதோ வந்துட்டோம்."

அங்கேதான் சடையாண்டி அந்தக் காரியத்தைச் செய்தார். பப்பாளித் தண்டின் வாயில் தன் பெரிய விரலை வைத்து அடைத்தார்.

"பொறு ஆத்தா. நாள் பார்க்காம எப்படிக் குடிபோறது?"

நாள் பார்ப்பதற்கு அந்தக் காட்டில் ஒரே ஆள்தான். வடமலை என்கிற பல்லி. பல வருஷம் ரேஞ்சர் பங்களாச் சுவரில் இருந்தவர். தினமும் காலையில் அங்கே டிவியில் ஓடிய ராசிபலனும் வாஸ்துவும் கேட்டுக் கேட்டுத் தேறியவர். பேச்சுக்கு நடுவில் ச்சு ச்சு என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, தான் சொன்னதைத் தானே ஆமோதிப்பார்.

வடமலை வந்து வீட்டைச் சுற்றி ஊர்ந்தார். குழாயின் கண்ணாடி வழியே காத்தாயியின் பெண்களைப் பார்த்தபோது நாக்கு ஒரு முறை வெளியே வந்து போனது. அது தொழில் சம்பந்தப்பட்டது அல்ல.

"தண்ணி தென்கிழக்குல இருக்கு. அது அக்னி மூலை. ஈசானியத்துக்கு மாத்துங்க. ச்சு ச்சு."

"வீட்டையே திருப்பி வச்சிடறேன். நாள் எப்போ?"

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அதுக்கடுத்த நாள் நீங்க போற திசையில சூலம். அப்புறம் கரிநாள். அதைத் தாண்டினா ஒரே ஒரு முகூர்த்தம் இருக்கு. அதை விட்டா ஆடி பிறந்துடும். ஆடியில யாராவது குடிபோவாங்களா?"

"தண்ணி அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலைண்ணே" என்று குழாய்க்குள்ளிருந்து காத்தாயி சொன்னாள். "எங்களுக்கு அஷ்டமி, நவமின்னா என்னன்னே தெரியாது."

"அதனாலதான் ஆத்தா உங்களை எல்லாரும் மிதிக்கிறாங்க" என்றார் சடையாண்டி மிகுந்த பாசத்தோடு.

அழைப்பு சொல்லக் கிளம்பினார். யானைக்குச் சொன்னார், மானுக்குச் சொன்னார், தன்னைப் பார்த்தாலே புற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற கறையான்களுக்குக்கூடத் தூரத்தில் நின்று கூவிச் சொன்னார். சொர்ணம் இதைப் படம் பிடித்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்: "கரடி வீட்டு விசேஷத்தில் எறும்பு. விருந்தாளியாகவா, விருந்தாகவா?" காடே பார்த்தது. காடே வருவதாகச் சொன்னது.

சடையாண்டி அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்தார். ஆனால் மனசுக்குள் ஒரு நிச்சயம். ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லட்டும். அத்தனை பேர் பார்க்க, காத்தாயி தன் காலால் நடந்து, தன் இஷ்டத்தோடு, அவர் கட்டிய வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும். தின்கிறவன் கட்டிய வீட்டுக்கு எந்த எறும்பும் வராது. வந்துவிட்டால், அவர் தின்கிறவன் இல்லை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. வேறு எதுவும் வேண்டாம்.

முகூர்த்த நாள் வந்தது. குழாயின் அடியில் ஒரு துளி ஈரம் மட்டும் பாக்கி.

வடமலை மேற்பார்வையில் மங்கல காரியங்கள் ஆரம்பமாயின. வீட்டு வாசலில், அதாவது பப்பாளித் தண்டு போய்ச் சேருகிற துளையைச் சுற்றி, மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். கல்மாவில் புள்ளி வைத்துக் கோலம் போட்டார்கள். வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார்கள். சாம்பிராணிப் புகையை ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊதிவிட்டார்கள். கடைசியில் கற்பூரம்.

மஞ்சள் இருக்கிற பக்கம் எறும்பு தலைவைத்துப் படுக்காது என்பது வீட்டில் சர்க்கரை டப்பா வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். கற்பூரமும் வேப்பிலையும் எலுமிச்சையும் அப்படித்தான். கரடியிடம் சர்க்கரை டப்பா கிடையாது. தேன் மரத்தில் இருந்தது.

முதலில் பசுமாடு நுழைய வேண்டும் என்றார் வடமலை. காட்டில் பசுவுக்கு எங்கே போவது? காட்டெருமைப் பெரியம்மாவை அழைத்து வந்தார்கள். வீடு அவள் குளம்பளவுதான் இருந்தது. "நான் இதுக்குள்ள நுழையறதா, இது எனக்குள்ள நுழையறதா?" என்று கேட்டாள். மூச்சு நுழைந்தாலும் மாடு நுழைந்த கணக்குத்தான் என்று வடமலை தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா மூக்கை வாசலில் வைத்தாள். சாம்பிராணி ஏறியது. ஒரு தும்மல் தும்மினாள் பாருங்கள், கோலம் அப்படியே யானைமேல் போய்ப் படிந்தது. பப்பாளித் தண்டு ஆட்டம் கண்டு குழாயிலிருந்து எறும்பு நுழையும் அளவுக்கு விலகியது. அந்த அமளியில் அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி மஞ்சள். மறுபடி கோலம். நாகஸ்வரத்துக்குப் பதில் மயில் கத்தினார். சொர்ணம் போனைச் சரிசெய்து, "இதோ, எறும்புகள் குடிபோகும் கண்கொள்ளாக் காட்சி" என்று குரலை ஏற்றினாள்.

"வா ஆத்தா" என்று சடையாண்டி நடுங்கும் குரலில் அழைத்தார்.

மூத்த பெண் தண்டுக்குள் நுழைந்தாள். மறுமுனையில் அவள் தலை தெரிந்தது. மீசை இரண்டும் ஒரு துடி துடித்தன. வந்த வேகத்தைவிட இரண்டு பங்கு வேகத்தில் பின்னாலேயே போய்விட்டாள்.

கூட்டம் ஊ என்றது.

"நாங்க என்ன தப்புப் பண்ணோம்ணே?" காத்தாயியின் குரல் வந்தது. "அன்னைக்கு அவ்வளவு நல்லா இருந்த வீடு. இன்னைக்கு வாசல்ல நின்னாலே மூச்சு முட்டுதாம்."

சடையாண்டி வடமலையைப் பார்த்தார்.

"திருஷ்டி" என்றார் வடமலை. "ஊர்க்கண் முழுக்க இதுமேலதானே? இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசுங்க. கற்பூரத்தை உள்ளேயே ஏத்துங்க. ச்சு ச்சு."

பூசினார். ஏற்றினார். இன்னொரு பெண் வந்து பார்த்துவிட்டு இருமிக்கொண்டே ஓடினாள். அதற்குப் பரிகாரமாகக் குகைச் சுவர் முழுக்க மஞ்சள் பூசினார்கள். சுற்றியிருந்த மரங்களுக்கு வேப்பிலை கட்டினார்கள். கண்ணில் பட்ட பாறை ஒவ்வொன்றுக்கும் சாம்பிராணி காட்டினார்கள். அந்த வட்டாரத்தில் மங்கலப்படாத ஓர் அங்குலம் கிடையாது. எறும்பு மட்டும் வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் சொர்ணம், போனைப் பார்த்துக்கொண்டு. "எறும்புக்குத் தெரியாதா, யார் கட்டின வீடுன்னு?"

சடையாண்டிக்கே அப்படித்தான் தோன்றிவிட்டது. எத்தனை தலைமுறையை உறிஞ்சியிருக்கிறோம், அந்த வாடை நம்மேல் இருக்காதா, அதுதான் மூச்சு முட்டுகிறது. பிள்ளைகள் நம்மை மாமா என்றது தேனுக்காகத்தான் போலிருக்கிறது.

பசி வந்த விருந்தாளிகளுக்கு முகூர்த்தம் ஒரு பொருட்டா? தேன்பொங்கல் ஆற்றங்கரை ஆலமரத்தடியில் பரிமாறப்படுகிறது என்றதும் மொத்தக் கூட்டமும் அங்கே போய்விட்டது. வடமலை முதல் பந்தியில் உட்கார்ந்தார். சடையாண்டி மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்தார். யாரோ கையில் திணித்துவிட்டுப் போன பொங்கலை ருசி தெரியாமல் விழுங்கினார். விடிவதற்கு முன்பிருந்தே மாவிடிப்பும் கோலமுமாக அலைந்ததில் அவர் முகம் கழுவவில்லை, வாய் கொப்பளிக்கவில்லை, பல் துலக்கவில்லை. அழுதுகொண்டே படுத்தவர் அப்படியே வாயைப் பிளந்து தூங்கிப்போனார்.

குழாயில் கடைசித் துளியும் காய்ந்தது.

காத்தாயி தாய். தாய் காத்திருக்க மாட்டாள். தண்டு விலகியிருந்த இடுக்கு வழியாகப் பெண்களை நாலு திசைக்கும் அனுப்பினாள். கிழக்கே போனவள் மஞ்சள் என்று திரும்பினாள். மேற்கே வேப்பிலை. வடக்கே எலுமிச்சை. தெற்கே போனவள் மட்டும் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"அம்மா, இப்படி ஒரு இடம் நான் பார்த்ததே இல்லை. கும்மிருட்டு. சுவரெல்லாம் ஈரம். இதமான சூடு. இடுக்கு இடுக்கா நிறைய அறை, ஒவ்வொண்ணுலயும் தேனும் பருக்கையும் ஒட்டியிருக்கு. மேல் வாசல்ல நடுவுல ரெண்டு தூணே இல்லை, தாராளமா போலாம். மஞ்சள் வாடையே கிடையாது."

அவள் சொன்னது சரிதான். கரடிகளில் இந்தச் சாதிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு பிறவியிலேயே இருக்காது. எறும்பை உறிஞ்ச வசதியாகக் கடவுள் விட்ட சந்து அது.

முட்டைகளைக் கவ்விக்கொண்டு குடும்பம் புறப்பட்டது.

சடையாண்டிக்கு விழிப்புத் தட்டியது கண்ணில் அல்ல, நாக்கில். அந்த நாக்குக்குத் தெரியாதா அந்தக் கால்களை? பாதிக் குடும்பம் உள்ளே வந்திருந்தது. மீதி உதட்டில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. வாய் முழுக்க எச்சில் சுரந்தது. ஒரே ஒரு உறிஞ்சு போதும். உடம்பு அதற்குத் தயாராகவே இருந்தது, உதட்டோரம் குவியக்கூட ஆரம்பித்தது. சடையாண்டி நான்கு காலாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். மூச்சை நிறுத்தினார். தன் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை அவர் செய்ததே இல்லை.

கடைசியாகக் காத்தாயி வந்தாள். கீழுதட்டில் ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டாள்.

"அசையாதீங்கண்ணே. நாங்க இங்கேயே இருந்துக்கறோம். இவ்வளவு நல்ல இடத்தைக் கையில வச்சுக்கிட்டு எதுக்குண்ணே இந்தப் பாடுபட்டீங்க?"

சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கரடியின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. வந்துவிட்டாள். தன் காலால், தன் இஷ்டத்தோடு. அதுவும் எங்கே? அவள் பாட்டனும் முப்பாட்டனும் போய்த் திரும்பாத இடத்துக்கு, நம்பி. ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஓடினால் முட்டை குலுங்கும். எழுந்து உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, கன்னத்தில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

விருந்து முடிந்து ஏப்பம் விட்டபடி காடு திரும்பி வந்தது. குழாய் காலி. வெள்ளை மாளிகை காலி. கரடியின் மீசையில் ஒரே ஒரு எறும்பு, வழி தவறி நின்றுகொண்டிருந்தது.

சொர்ணம் போனைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தாள். "சடையாண்டி, எங்கே குழந்தைங்க?"

சடையாண்டி தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"வாயைத் திறங்க பார்க்கலாம்."

திறந்தார். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பார்க்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று ஆனமட்டும் திறந்து காட்டினார். நாக்கு முழுக்க எறும்பு. கடைவாயில் எறும்பு. காடே மூச்சை இழுத்தது. யானை துதிக்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டது. காட்டெருமைப் பெரியம்மா, "அடப்பாவி, மொத்தக் குடும்பத்தையுமா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"தின்னீங்களா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க, உலகமே பார்த்துக்கிட்டிருக்கு" என்றாள் சொர்ணம்.

இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், இத்தனை வருஷத்துப் பெயர் போய்விடும். ஆனால் சொல்வதற்கு நாக்கைத் தூக்க வேண்டும். நாக்கின் நடுவில்தான் முட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சடையாண்டி கூட்டத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். தொண்டையில் வந்த சொல்லை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து காத்தாயியின் குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"அண்ணே, வெளிச்சம் அடிக்குது. பிள்ளைங்க தூங்கணும். கதவைச் சாத்துங்க."

அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் சடையாண்டி வாயை மெல்ல மூடினார்.

அவ்வளவுதான். அன்று முதல் அந்தக் காட்டில் சடையாண்டி என்றால், வீடு கட்டி, மஞ்சள் பூசி, ஊரைக் கூட்டி, வளர்த்த பிள்ளைகளையே வாயில் போட்டுக்கொண்ட பாவி. கறையான்கள் அவர் படத்தைக் காட்டித்தான் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகின்றன. வடமலைப் பல்லிக்கு மட்டும் வியாபாரம் கூடிவிட்டது. "நான் குறிச்ச முகூர்த்தம், நிமிஷம் தப்பாம உள்ளே போயிட்டாங்க பார்த்தீங்களா. ச்சு ச்சு" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்கிறார்.

சடையாண்டி காதில் இது எதுவும் விழுவதில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, உதட்டோரமாகத் தேனைக் கசியவிட்டுக்கொண்டு, குகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வலது கன்னத்துக்குள் இப்போது ஏதோ சின்னச் சின்னக் காலடிகள் ஓடுகின்றன. புதிதாக நடக்கப் பழகுகிறவர்கள் போலிருக்கிறது.

நீதி: பல் துலக்கி, மஞ்சள் பூசி, வாசலில் நின்று வரவேற்றால் விருந்தாளிகள்தான் வருவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தங்கள் வேண்டும் என்றால், விசேஷத்தன்று பல் துலக்காமல் வாயைப் பிளந்து தூங்கவும்.